பெரிய பம்ப் யாரைக் காப்பாற்றியது?

முப்பது வயதைத் தாண்டிய நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஒன்றை வாங்குகிறவருக்குச் சாவி கைக்கு வரும் முன்பே அறிவுரை வந்து சேர்ந்துவிடுகிறது. எஞ்சினை இறக்கு, பேரிங், ரிங், கேஸ்கெட் எல்லாம் மாற்று, ஆனால் முதலில் ஒரு பெரிய ஆயில் பம்ப் வாங்கு. கூடவே பழைய எண்ணெயைவிட ஒரு படி கெட்டியானதை ஊற்று. அழுத்தம் காட்டும் முள் மேலே நிற்கும் வரை பயமில்லை. சொல்பவர் பட்டறைக்காரராக இருக்கலாம், பாகம் விற்பவராக இருக்கலாம், இதே காரை வைத்திருக்கும் நண்பராகவும் இருக்கலாம். யார் சொன்னாலும் பாடம் ஒன்றுதான்: எஞ்சின் செத்தால் அழுத்தம் போதவில்லை என்று பொருள், அழுத்தம் போதவில்லை என்றால் பம்ப் சிறியது என்று பொருள்.

இந்த இரண்டு வாக்கியமும் தவறு. முதலாவது அரைகுறைத் தவறு, இரண்டாவது முழுத் தவறு. அந்த எஞ்சினைப் பொறுத்தவரை பெரிய பம்ப் பல நேரங்களில் நோயைத் தீர்ப்பதில்லை, விரைவுபடுத்துகிறது என்பதே என் வாதம்.

பேசப்படும் எஞ்சின் ஆர்பி26டிஇடிடி. வரிசையாக ஆறு சிலிண்டர், 2568 சிசி, இரண்டு டர்போ, இரும்பு பிளாக். 1989இல் ஆர்32 ஜிடி-ஆருடன் வந்து, ஆர்33, ஆர்34 என்று 2002 வரை ஓடியது. காகிதத்தில் 280 குதிரைத்திறன். ஜப்பானியக் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒப்பந்தத்தின் உச்சவரம்பு அது, எஞ்சினின் உச்சவரம்பு அல்ல. 1990 முதல் 1993 வரை ஜப்பானின் குரூப் ஏ போட்டிகளில் நடந்த 29 பந்தயங்களையும் இந்தக் கார்தான் வென்றது. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில் 1991, 1992 இரண்டு ஆண்டும் ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் இதை ஓட்டி வென்றார்கள். அந்தப் புகழ்தான் இன்றைய சிக்கலுக்கும் வேர். 2014இல் அமெரிக்காவின் 25 ஆண்டு இறக்குமதி விதியைத் தாண்டியதும் ஆர்32இன் விலை ஏறியது. 2017 இறுதியில் நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ பழைய பாகங்களைத் திரும்ப வார்க்கத் தொடங்கியது. முப்பதாண்டு ஓடித் தேய்ந்த, எத்தனையோ கை மாறிய, எவ்வளவு பூஸ்ட் ஏற்றி ஓட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாத எஞ்சின்கள் உலகெங்கும் ஒரே நேரத்தில் பிரிக்கப்படுகின்றன. பிரிக்கும் எல்லோர் கையிலும் பம்ப் அட்டைப்பெட்டி ஒன்று இருக்கிறது.

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆர்32இன் தொடக்ககால கிராங்க்கில் பம்ப்பைச் சுழற்றும் தட்டைப் பகுதி குறுகலானது. பம்ப்பின் உள் கியர் அதில் முழு அகலத்துக்கும் உட்காராமல் ஓரத்தில் தொற்றிக்கொண்டிருக்கும். நிசானே பின்னால் அதை அகலப்படுத்தியது. உள் கியர் உலோகப் பொடியை அழுத்திச் சூடேற்றிச் செய்தது. தேய்மானத்தைத் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது. அது இரண்டாகப் பிளந்தால் அந்த நொடியிலிருந்து எண்ணெய் கிடையாது. ஆக, பழைய கிராங்க்கில் கியர் உட்காரும் இடத்தை அகலமாக்குவதும், கட்டி எஃகில் கடைந்த கியர் போடுவதும் சரியான வேலை. இதை மறுப்பவர் எஞ்சினைப் பிரித்துப் பார்க்காதவர்.

ஆனால் இந்த வேலை பம்ப்பை வலுவாக்குகிறது, பெரிதாக்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு விற்பதால்தான் குழப்பம் பிறக்கிறது. பந்தயத்துக்கென்று நிசான் தந்த என்1 பம்ப் அதிக எண்ணெய் தள்ளும். அதற்கான மரியாதையும் பெரிது. அதன் கியரோ அதே பொடி உலோகம்தான், அதுவும் அதே மாதிரி பிளந்தது. பெரிதாக இருந்தது அதைக் காப்பாற்றவில்லை.

அது ஏன் பிளக்கிறது என்று கேட்டால் வாதம் இன்னும் தெளிவாகும். வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின் இயல்பிலேயே சமநிலை உடையது, ஆகவே அதிர்வே இல்லாதது என்று ஒரு நம்பிக்கை உண்டு. மேலும் கீழும் குலுங்கும் விசைகளைப் பொறுத்தவரை அது உண்மை. முறுக்கு அதிர்வு வேறு சங்கதி. ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் நீளமான கிராங்க் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு திரும்ப விடுபடுகிறது. பின்முனையைப் பளுவான ஃப்ளைவீல் பிடித்து வைத்திருக்கிறது. முன்முனை சுதந்திரமாக ஆடுகிறது. அந்த முன்முனையில்தான் பம்ப் நேரடியாக மாட்டப்பட்டிருக்கிறது. இந்த ஆட்டத்தை அடக்க வைத்ததுதான் முன்னால் இருக்கும் ரப்பர் ஒட்டிய டாம்பர் புல்லி. முப்பதாண்டில் அந்த ரப்பர் இறுகிக் காய்ந்து போயிருக்கும். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், எடை குறையட்டும் என்று அதைக் கழற்றிவிட்டு வெறும் அலுமினிய புல்லி மாட்டுகிறார்கள். அதற்கு மேல் ரெவ் லிமிட்டரில் முட்டி முட்டி நிற்கும் டிரிஃப்ட் ஓட்டம். கியர் உடைந்தால் பம்ப் மேல் பழி. இவ்வளவு செய்த பிறகு பெரிய பம்ப் போடுவதில் ஒரு விபரீதம் இருக்கிறது: அது ஒவ்வொரு சுற்றிலும் அதிக எண்ணெயை நகர்த்துவதால் கியரின் மேல் விழும் சுமையும் கூடுகிறது. டாம்பரை மாற்றாமல் பம்ப்பை மாற்றுபவர், உடைவதற்குக் காரணமானதை அப்படியே விட்டு உடைந்ததை மட்டும் புதிதாக்குகிறார்.

இனி அழுத்தம் என்னும் தெய்வத்துக்கு வருவோம்.

பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது சுற்றுக்கு இவ்வளவு என்று எண்ணெயை நகர்த்துகிறது. அந்த எண்ணெய் வெளியேற எவ்வளவு தடை இருக்கிறதோ அதுதான் முள்ளில் தெரியும் அழுத்தம். ஒரு பேரிங் எஞ்சினைத் தாங்குவதும் பம்ப் அனுப்பும் அழுத்தத்தால் அல்ல. 1883இல் பியூசாம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சு பேரிங் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விட மேலே துளைத்த ஓட்டை வழியாக எண்ணெய் வெளியே பீறிட்டது. மரச்சக்கையால் அடைத்தார், அதையும் தள்ளிக்கொண்டு வந்தது. 200 பிஎஸ்ஐ வரை காட்டும் மானியை வைத்துப் பார்த்தார், முள் கோட்டைத் தாண்டியது. அந்த பேரிங்கின் சராசரிச் சுமை 100 பிஎஸ்ஐதான். அங்கே பம்ப் எதுவும் இல்லை. சுழலும் தண்டே எண்ணெயை ஆப்பு வடிவ இடுக்குக்குள் இழுத்துச் சென்று அந்த அழுத்தத்தை உண்டாக்கியது. 1886இல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். இன்றைய கனெக்டிங் ராட் பேரிங்கின் படலத்தில் உச்ச அழுத்தம் நூற்றுக்கணக்கான பார். பம்ப் அனுப்புவது ஐந்தாறு பார். பம்ப்பின் வேலை சுமையைத் தாங்குவது அல்ல, ஆப்பு காலியாகாமல் எண்ணெய் ஊட்டிக்கொண்டிருப்பது. காற்றுக் குமிழி இல்லாத எண்ணெய், இடைவிடாத எண்ணெய். இரண்டும் இருந்தால் நான்கு பார் போதும். இரண்டும் இல்லையென்றால் எட்டு பாரும் உதவாது.

எதிர்த்தரப்பின் நல்ல வாதம் ஒன்று இங்கே உண்டு, அதைத் தவிர்க்கக்கூடாது. எண்ணெய் மெயின் பேரிங்கிலிருந்து கிராங்க்கின் உட்துளை வழியாக ராட் பேரிங்குக்குப் போக வேண்டும். தண்டின் மேற்பரப்பிலிருந்து மையம் நோக்கிப் போகும்போது சுழற்சியின் மையவிலக்கு விசை அதை வெளியே தள்ளும். அதை வெல்ல அழுத்தம் தேவை. உண்மைதான். கணக்குப் போடுவோம்: 55 மி.மீ. விட்டமுள்ள ஜர்னல் நிமிடத்துக்கு 8000 சுற்றில் ஓடினால், மையத்தை எட்டத் தேவையான அழுத்தம் ஏறத்தாழ இரண்டேகால் பார். அதற்கு மேல் பாதுகாப்புக்கு இரண்டு, மூன்று பார் வைத்துக்கொண்டாலும் நல்ல நிலையிலுள்ள ஆலைப் பம்ப் தரும் எல்லைக்குள்தான் வருகிறது. ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ என்று காலங்காலமாக ஒப்பிக்கப்படும் விதிக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. மையவிலக்குத் தேவை சுற்றின் வர்க்கத்தில் ஏறுகிறது, நேர்கோட்டில் அல்ல. விதியைச் சொல்பவர்கள் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் சூடான எஞ்சினில், ஐடிலில் முள் கீழே கிடந்தால்? அது ஒரு தகவல். முதலில் அந்த முள்ளே உண்மை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். முப்பதாண்டு பழைய சென்சாரை நம்பி எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு. குழாய் நேராக இணைத்த மெக்கானிக்கல் மானியை வைத்துச் சரிபார்க்க அரை மணி நேரம் போதும். முள் உண்மைதான் என்றால், எண்ணெய் எங்கோ சுலபமாகத் தப்பிப் போகிறது. பேரிங் இடைவெளி கூடியிருக்கலாம். அழுத்தத்தால் கசியும் அளவு இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். இடைவெளி கால் பங்கு கூடினாலே கசிவு ஏறத்தாழ இரு மடங்கு. மிகை அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு, சிறு உலோகத் துணுக்கு சிக்கித் திறந்தபடி நிற்கலாம். கலவை செறிவாக ஓடி பெட்ரோல் எண்ணெயில் கலந்திருக்கலாம். உறிஞ்சு குழாயின் மூட்டில் காற்று இழுக்கலாம். இத்தனை காரணங்களில் எது என்று கண்டுபிடிக்காமல் பெரிய பம்ப் போட்டால் முள் மேலே ஏறும். தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே இருக்கும். உங்களுக்கு எச்சரிக்கை தந்துகொண்டிருந்த ஒரே சாட்சியின் வாயை அடைத்ததுதான் நீங்கள் செய்த காரியம்.

உயர் சுற்றில் கதை வேறு. அங்கே எந்தப் பம்ப்பானாலும் ரிலீஃப் வால்வு திறந்துவிடும். அதற்கு மேல் தள்ளப்படும் எண்ணெய் எஞ்சினுக்குள் போகாது, வால்வு வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்பும். சுற்றச் சுற்றச் சூடாகும், நுரைக்கும். பெரிய பம்ப் எங்கே தேவை என்று விற்கிறார்களோ, அந்த 8000 சுற்றில்தான் அதன் பெருமை பெரும்பாலும் வீணாகிறது.

முழுவதும் வீணாவதில்லை என்பதுதான் ஆபத்து. ஒரு பகுதி மேலே ஏறுகிறது.

ஆர்பி26இன் உண்மையான நோய் இங்கே இருக்கிறது. பிளாக்கிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும் வழிகள் இரண்டு. கேம் ஷாஃப்டுகளுக்கும் வால்வு பக்கெட்டுகளுக்கும் அது தேவை. ஆனால் ஆர்பி26இல் இருப்பது ஷிம் வைத்த திட பக்கெட். அதே குடும்பத்தின் தொடக்ககால ஆர்பி25இல் உள்ளது போல எண்ணெயால் நிரம்பி வேலை செய்யும் ஹைட்ராலிக் வகை அல்ல. ஆகவே ஹெட்டுக்கு வேண்டியது சொற்பம், போவது ஏராளம். போனது திரும்பி இறங்க வேண்டும். இறங்கும் துளைகள் ஒடுக்கமானவை. அதே துளைகள் வழியாகத்தான் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசியும் எரிவாயுவும் மேலே ஏறுகிறது. ஆலையின் பூஸ்டில் அந்த வாயு கொஞ்சம். பூஸ்டை இரட்டித்து 500, 600 குதிரைத்திறன் எடுக்கும்போது, அதிலும் ரிங் தேய்ந்த பழைய எஞ்சினில், மேலே பாயும் வாயு இறங்க வரும் எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிறது. எண்ணெய் ஹெட்டில் தேங்குகிறது. வேகமெடுக்கும்போது பின்பக்கம் சரிந்து அங்கேயே குளம் கட்டுகிறது.

எஞ்சினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பின் கொள்ளளவு ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு. முன் சக்கரங்களுக்கான டிஃபரென்ஷியல் அந்தச் சம்ப்போடு ஒட்டி நிற்பதால் அதன் வடிவமும் விசாலமானதல்ல. பம்ப் நிமிடத்துக்கு 50 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லிட்டரும் ஆறு நொடியில் ஒரு சுற்று போய்வர வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கு மேலே மாட்டிக்கொண்டால், அரை நிமிடத்துக்குள் தொட்டி வறண்டுவிடும். இப்போது பம்ப்பைப் பெரிதாக்குங்கள். ஊற்று மெதுவாக ஊறும் கிணற்றில் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துவிட்டுப் பத்து குதிரைத்திறன் மோட்டாரை இறக்கியவர் கதைதான். தண்ணீர் கூடவில்லை, கிணறு சீக்கிரம் வற்றியது.

இதற்கான வைத்தியம் எல்லாம் பம்ப்புக்கு வெளியே இருக்கிறது. ஹெட்டுக்குப் போகும் இரண்டு வழிகளில் ஒன்றை அடைத்து, மற்றதில் ஒன்றரை மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வைப்பது. பிளாக்கிலும் ஹெட்டிலும் உள்ள இறக்கத் துளைகளைக் கடைந்து அகலப்படுத்தி, வார்ப்பின் பிசிறுகளை நீக்குவது. ஹெட்டின் பின்முனையிலிருந்து சம்ப்புக்குத் தனிக் குழாய் விடுவது. (அந்தக் குழாய் எண்ணெயை இறக்குகிறதா, இல்லை வாயுவை ஏற்றுகிறதா என்று எஞ்சின் கட்டுபவர்களிடையே ஓயாத சண்டை. எதைச் செய்தாலும் மற்ற துளைகளில் நெரிசல் குறைகிறது, எனக்கு அது போதும்.) கிராங்க் அறையின் வாயு தாராளமாக வெளியேற வழி செய்து, அதனோடு வரும் எண்ணெயைப் பிடித்து மீண்டும் சம்ப்புக்கே அனுப்பும் கேட்ச் டேங்க். சம்ப்பை அகலப்படுத்தி, உள்ளே தடுப்புச் சுவர்களும் ஒருபக்கம் மட்டுமே திறக்கும் கதவுகளும் வைப்பது. இதில் எதுவும் பளபளக்கும் பெட்டியில் வருவதில்லை. பெரும்பகுதி கூலி, லேத் வேலை, வெல்டிங். கேட்ச் டேங்க் நிரம்பி வழிகிறது என்றால் ஹெட் மூழ்கியிருக்கிறது என்று பொருள். நம்மவர்களோ அதைவிடப் பெரிய கேட்ச் டேங்க் வாங்குகிறார்கள். அங்கேயும் அளவுதான் மருந்து.

பந்தயத் தடத்தின் நீண்ட வளைவில் இந்தப் பற்றாக்குறை உயிரெடுக்கிறது. எண்ணெய் சம்ப்பின் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கிறது. ஏற்கெனவே மட்டம் குறைந்த தொட்டியில் ஸ்ட்ரெய்னர் வெளியே தெரிகிறது. பம்ப் காற்றை விழுங்குகிறது. 7200 சுற்றில் ஓடும் கிராங்க் நொடிக்கு 120 முறை சுழல்கிறது. அரை நொடி காற்று போனால் அறுபது சுற்று உலர்ந்த ஓட்டம். ஆலையின் மந்தமான முள் இந்த அரை நொடியைக் காட்டவே காட்டாது. காட்டினாலும் வளைவின் நடுவில் யார் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது? அழுத்தத்தை நொடிக்குப் பத்து முறைக்குக் குறையாமல் பதிவு செய்யும் லாகர் இருந்தால்தான் அந்தப் பள்ளம் தெரியும். 'வண்டி ஓட்டும்போது முள் நன்றாகத்தான் இருந்தது, வீடு திரும்பும்போதுதான் சத்தம் வந்தது' என்ற புலம்பலின் பின்னணி பெரும்பாலும் இதுவே. பேரிங் வளைவிலேயே செத்துவிட்டது. சேதி மெதுவாக வந்தது.

கெட்டியான எண்ணெய்க்கு நான் அதிக இடம் தரப்போவதில்லை. எண்ணெயின் தடிமனை வகுக்கும் எஸ்ஏஇ ஜே300 தரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பேரிங்குக்குள் நிலவும் சூட்டிலும் நசுக்கத்திலும் எண்ணெய் எவ்வளவு தாங்குகிறது என்பதற்கு எச்டிஎச்எஸ் என்று ஓர் அளவு உண்டு. 50ஆம் தர எண்ணெய்க்கு அதன் குறைந்தபட்சம் 3.7. 60ஆம் தர எண்ணெய்க்கும் அதே 3.7தான். டப்பாவின் மேல் உள்ள எண் ஏறியதால் பேரிங்கில் படலம் தடித்தது என்று உறுதி கிடையாது. அந்தந்த எண்ணெயின் தகவல் தாளைப் பார்த்தால்தான் தெரியும். முள் ஏறும், அது நிச்சயம். குளிரில் தொடங்கும்போது வடிகட்டியின் பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத எண்ணெய் ஓடும், அதுவும் நிச்சயம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பம்ப்பின் உறிஞ்சும் பக்கம் எண்ணெயை மேலே தள்ளுவது வெறும் காற்று மண்டல அழுத்தம், ஒரு பார். அதே பழைய உறிஞ்சு குழாய், அதே பழைய வலை, அதன் வழியே கெட்டியான எண்ணெயைப் பெரிய பம்ப் வேகமாக இழுத்தால் குழாயில் வெற்றிடக் குமிழிகள் கிளம்பும். இரண்டு வைத்தியங்களும் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று விஷம்.

கெட்டி எண்ணெய் பேரிங்கைக் காக்கும் என்றால் பிஎம்டபிள்யூவின் எஸ்65 எஞ்சினுக்கு அந்தப் பெயர் வந்திருக்கக்கூடாது. 2007 முதல் 2013 வரை எம்3 காரில் வந்த நான்கு லிட்டர் வி8 அது. ஆலையே சொன்ன எண்ணெய் 10டபிள்யூ-60. ஆனாலும் ராட் பேரிங் தேய்மானம் அந்த எஞ்சினின் பிறவி அடையாளமாகிவிட்டது. பேரிங் இடைவெளி மிகக் குறுகல் என்பது அதைக் கட்டுபவர்கள் பலரின் வாதம். குறுகிய இடுக்குக்குள் கெட்டியான எண்ணெய் எளிதாகப் புகுவதில்லை. இடைவெளியும் எண்ணெயும் தம்பதி போல என்று சொல்வார்கள். நான் அவ்வளவு கவித்துவமாகச் சொல்ல மாட்டேன். அளந்து பார்த்துவிட்டு எண்ணெய் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். எஞ்சின் மூடியிருக்கும்போதே எண்ணெயைத் தீர்மானிப்பவர் அளக்கப்போவதில்லை.

பம்ப் பற்றிய இந்தச் சத்தத்தில் புதுப்பிக்கும் வேலையே காணாமல் போகிறது என்பதுதான் என் பெரிய ஆதங்கம். புதிதாகக் கட்டிய எஞ்சின் முதல் மாதத்திலேயே பேரிங் அடித்தால் அதற்குப் பம்ப்பின் அளவு காரணமாக இருப்பது அபூர்வம். சம்ப்பை ஒட்டும்போது தாராளமாகப் பிதுக்கிய சிலிக்கான் பசை உள்பக்கம் புழுப் புழுவாக நிற்கும். சூட்டில் கழன்று விழுந்து ஸ்ட்ரெய்னர் வலையில் போய்ப் படியும். பெரிய பம்ப் அதை இன்னும் இறுக்கமாக வலையோடு உறிஞ்சிக்கொள்ளும். பிளாக்கின் எண்ணெய்ப் பாதைகளை அடைத்திருக்கும் பிளக்குகளைக் கழற்றாமல் மேலோட்டமாகக் கழுவினால், துளைக்கும்போதும் ஹோன் பண்ணும்போதும் போன தூள் முனையில் தங்கிவிடும். கிராங்க்கின் உட்துளைகளும் அப்படியே. பழைய எஞ்சின் பேரிங் அடித்துச் செத்தது என்றால் அதன் உலோகத் துகள் ஆயில் கூலரின் நுண்ணிய அறைகளுக்குள் புகுந்திருக்கும். மண்ணெண்ணெய் விட்டு அலசினாலும் முழுவதும் வராது. அந்தக் கூலரைத் தூக்கிப் போட வேண்டும், வேறு வழி கிடையாது. பல ஆயிரம் செலவழித்துக் கட்டிய எஞ்சினுக்கு அதே கூலரைத் திரும்ப மாட்டிக் கொல்பவர்கள்தான் 'இந்த எஞ்சினுக்குப் பம்ப் ஆகாது' என்ற கதையை அதிகம் பரப்புகிறார்கள்.

முதல் ஸ்டார்ட்டும் அப்படித்தான். உலர்ந்த கியரோடு பம்ப்பை மாட்டினால் அது எண்ணெயை உறிஞ்சத் திணறும். கியர்களுக்கு இடையே வாசலினோ கெட்டி எண்ணெயோ அப்பி மூட வேண்டும். ஸ்பார்க்கும் பெட்ரோலும் துண்டித்து, அழுத்தம் வரும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்ற வேண்டும். டர்போவுக்குப் போகும் எண்ணெய்க் குழாயில் உள்ள பழைய கரிப்பொருக்கை நீக்க வேண்டும். சுபாருவின் ஈஜே வகை டர்போ எஞ்சின்களில் உறிஞ்சு குழாய், பற்றவைத்த மூட்டிலேயே விரிசல் விட்டுக் காற்றிழுக்கும் நோய் பேர்போனது. அங்கே எவ்வளவு பெரிய பம்ப் போட்டாலும் அது காற்றைத்தான் அதிகம் இழுக்கும். குழாயை மாற்றியவர்கள் பிழைத்தார்கள். எஞ்சின் எதுவானாலும் உறிஞ்சும் பக்கத்தை முதலில் பார் என்பது பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரிந்ததுதான்.

அப்படியானால் பெரிய பம்ப் போட்டவர்களில் இத்தனை பேர் எப்படி நிம்மதியாக ஓட்டுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் செய்த வேலைப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். எஞ்சினைப் பிரித்தபோது பம்ப் மட்டும் மாற்றியவர் அரிது. புதிய ரிங் போட்டதால் கிராங்க் அறைக்குள் வாயுக் கசிவு குறைந்தது. புதிய பேரிங்கால் இடைவெளி சரியானது. ரெஸ்ட்ரிக்டர் போட்டார், சம்ப்பை அகலப்படுத்தினார், புதிய டாம்பர் மாட்டினார். கியர் எஃகானது. ஒன்பது காரியம் செய்துவிட்டு, பில்லில் அதிக விலை போட்டிருந்த பத்தாவதுக்குப் புகழைக் கொடுத்தார். மற்ற ஒன்பதையும் செய்து, பம்ப் மட்டும் ஆலை அளவில் எஃகு கியரோடு போட்டவர்களும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் கதையில் வாங்கிக் காட்ட எதுவும் இல்லாததால் யாரும் அதைப் பேசுவதில்லை. விற்பனைக்கும் இது வசதி. பம்ப்பை மேசையில் வைத்துக் காட்டலாம். கடைந்து அகலப்படுத்திய துளையை எப்படிக் காட்டுவது? ஹெட்டை மூடியதும் அது கண்ணிலிருந்து மறைந்துவிடும். வாடிக்கையாளர் பட்டறைக்காரரை நம்ப வேண்டும், பட்டறைக்காரர் கூலியைக் கேட்க வேண்டும். இரண்டுமே சங்கடமான வேலை. பெட்டி விற்பது சுலபம்.

பெரிய பம்ப்புக்கு இடமே இல்லையா? உண்டு. பேரிங் இடைவெளியை வேண்டுமென்றே கூட்டிக் கட்டிய எஞ்சினுக்கு, 9000 சுற்றுக்கு மேல் ஓடுவதற்கு, பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஜெட்டுகளைப் பெரிதாக்கியதற்கு ஓட்டம் அதிகம் தேவைப்படும். அப்போதும் அது கணக்கின் கடைசி வரி. எண்ணெய் திரும்பி வரும் வழி சரியானது என்று லாகரில் பார்த்த பிறகு வாங்க வேண்டிய பொருள். வார இறுதியில் மலைப்பாதையில் ஓட்ட வாங்கிய, 400 குதிரைத்திறன் ஆர்32க்கு அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இறுதியில் வழக்கமாக வரும் துருப்புச்சீட்டு: 'பந்தயக்காரர்கள் பெரிய பம்ப்தானே போடுகிறார்கள்?' பந்தயக்காரர்கள் போடுவதை நன்றாகப் பாருங்கள். பணமும் விதியும் இடம் கொடுத்த இடத்தில் அவர்கள் டிரை சம்ப்புக்குப் போனார்கள். எண்ணெய் எஞ்சினுக்கு அடியில் தேங்காமல் தனித் தொட்டியில் இருக்கும் ஏற்பாடு அது. வெளியே பெல்ட்டில் ஓடும் அந்தப் பம்ப் பல அடுக்குகளாகப் பிரிந்திருக்கும். வழக்கமான அமைப்பில் பேரிங்குக்கு எண்ணெயைத் தள்ளுவது ஒரே ஒரு அடுக்கு. மற்ற மூன்று, நான்கு அடுக்குகளும் சம்ப்பின் மூலைகளிலிருந்தும் சில எஞ்சின்களில் ஹெட்டிலிருந்தும் எண்ணெயையும் வாயுவையும் சேர்த்து இழுத்துத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவதற்காக. அங்கே நுரை அடங்கிய பிறகுதான் தள்ளும் அடுக்குக்கு எண்ணெய் போகிறது. எஞ்சினைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்தவர்கள், நம்மைவிட அதிகம் எஞ்சின்களை உடைத்தவர்கள், பம்ப்புக்காகச் செலவழித்த காசில் முக்கால் பங்கை எண்ணெயைத் திரும்ப எடுத்து வரும் பக்கத்தில்தான் போட்டிருக்கிறார்கள்.